ஆளைப் பார்க்காமல் சட்டை தைத்த மகான்கள்

காங்கேயத்துக்காரன் எதை எழுத உட்கார்ந்தாலும் காளையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதப்படாத சட்டம். நான் சட்டத்தை மீறி ஒரு டப்பாவில் ஆரம்பிக்கிறேன். காளை பின்னால் வரும், கோபித்துக்கொள்ளாது.

சோப்பு டப்பா சைஸில் ஒரு குட்டி கம்ப்யூட்டர். சொந்தக்காரர் ஒருவரின் நிட்டிங் யூனிட்டில் மெஷின் எத்தனை சுற்று சுற்றியது, துணி ரோல் எப்போது நிறையும் என்று எண்ணிச் சொல்வதற்காக வாங்கியது. லேப்டாப்பில் மூன்று ராத்திரி கண் விழித்து புரோகிராம் எழுதினேன். லேப்டாப்பில் அது பிரமாதமாக ஓடியது. ஓனர், அவர் சம்சாரம், மெஷின் ஆபரேட்டர், டீ கொண்டுவந்த பையன் என்று சபை கூடியிருக்க, அதே ஃபைலை டப்பாவுக்குள் ஏற்றி என்டர் தட்டினேன். ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று மூன்றே வார்த்தை வந்தது. டீ ஆறிப்போனது.

எதிர்வீட்டு அண்ணன் திருப்பூரில் பவர் டேபிள் தையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் வாட்ஸப் தாண்டி உறவில்லை. அன்று சாயங்காலம் திண்ணையில் அவரிடம் என் சோகத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏந் தம்பி, எந்த ஊர் ஆளுக்குத் தெக்கறோம்னு கேக்காமயே தெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது?” என்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் நாற்பது பக்கம் வருகிற விஷயம் சார் அது!

ஆமாம், அதுதான் நடந்தது. நான் எழுதுவது மனுஷ பாஷை. அதைச் சிப்புக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றுகிறவர் கம்பைலர். என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் சிப், டப்பாவில் இருப்பது ஏஆர்எம் சிப். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்டெல்லில் உட்கார்ந்துகொண்டு ஏஆர்எம் பாஷையில் ஃபைல் தயாரிக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கம்பைலர் வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் கிராஸ் கம்பைலிங். ‘குறுக்குத் தொகுப்பு’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். பஸ் படியில் குறுக்கே நிற்கிறவரைத் திட்டுவது போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

‘டப்பாவிலேயே கம்பைலரைப் போட்டு அங்கேயே செய்துகொண்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். செய்யலாம். இருப்பது 64 எம்பி மெமரி. டீ கேன் கட்டின சைக்கிளில் கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற மாதிரி. அடுப்பு மூட்டுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள், திருப்பூர் முழுக்கவே இதுதானே தொழில்? போடுகிறவன் ஜெர்மனியில் இருக்கிறான். தைக்கிறவர் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்ததில்லை, தொப்பையைக் கண்டதில்லை. கையில் ஒரு அளவு ஷீட், ஒரு சேம்பிள், ஷ்ரிங்கேஜ் இத்தனை பர்சென்ட் என்று ஒரு கணக்கு. அதை நம்பிக் கன்டெய்னர் கன்டெய்னராக ஏற்றிவிடுகிறார்கள். அங்கே போய் அது அவன் உடம்பில் உட்கார்கிறது. உட்காராவிட்டால் பையர் டெபிட் நோட் அனுப்புவார். எனக்கு டப்பா அனுப்பிய மாதிரி.

தோல்வியடைந்தவனுக்குச் சரித்திரத்தில் பிடிப்பு வருவது சகஜம். இந்தத் தொழிலில் எனக்கு முந்தின மகான்கள் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட மனசுக்கு அவ்வளவு ஆறுதல். ஒருத்தரும் என்னைவிட ஒழுங்கில்லை.

முதலில் பில் கேட்ஸ்.

1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகை அட்டையில் ஆல்டேர் என்றொரு குட்டி கம்ப்யூட்டர் வந்தது. தயாரித்தது அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் இருந்த மிட்ஸ் என்ற கம்பெனி. கேட்ஸும் அவர் சிநேகிதர் பால் ஆலனும் கம்பெனி முதலாளி எட் ராபர்ட்ஸுக்குப் போன் போட்டு, “உங்கள் மெஷினுக்கு பேசிக் மொழி தயார். வந்து காட்டட்டுமா?” என்று கேட்டார்கள். தயாராக என்ன இருந்தது? ஒரு வரிகூட இல்லை. ஆல்டேரையாவது பார்த்திருந்தார்களா? அட்டைப்படத்தில் பார்த்திருந்தார்கள். பொண்ணு போட்டோவைப் பார்த்துவிட்டு மண்டபம் புக் பண்ணுகிற ரகம்.

போனில் பேசியது கேட்ஸ். ஆனால் சொன்ன பெயர் பால் ஆலன். ஏன் தெரியுமா? நேரில் போகப் போகிறவர் ஆலன். அவருக்குத் தாடி இருந்தது. கேட்ஸுக்கு அப்போது வயது 19, பார்த்தால் பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி இருப்பார். மைக்ரோசாஃப்ட் என்ற சாம்ராஜ்யத்தின் முதல் பிசினஸ் மீட்டிங்குக்கு ஆள் தேர்வு தாடியை வைத்து நடந்தது.

சரி, மெஷின் இல்லாமல் அதற்கு எப்படிப் புரோகிராம் எழுதுவது? அங்கேதான் கிராஸ் வேலை. கேட்ஸ் படித்துக்கொண்டிருந்த ஹார்வர்டில் பிடிபி-10 என்றொரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஆல்டேருக்குள் இருந்த இன்டெல் 8080 சிப்பின் கையேட்டை வாங்கி, அந்தச் சிப் எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று பிடிபி-10-ஐ நடிக்க வைத்தார் ஆலன். இதை சிமுலேட்டர் என்பார்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டு, ‘வண்டி இழுக்கும்’ என்று முடிவு செய்கிற விஷயம்தான். அங்கேயாவது மாடு எதிரில் நிற்கும். இவர்களிடம் மாட்டைப் பற்றிய புத்தகம்தான் இருந்தது.

எட்டு வாரத்தில் எழுதி முடித்தார்கள். காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகப் புரோகிராமைப் பதித்துக்கொண்டு ஆலன் விமானம் ஏறினார். தரையிறங்கப் போகிற நேரத்தில் ஞாபகம் வந்தது: நாடாவை மெஷினுக்குள் ஏற்றுவதற்கு ஒரு குட்டிப் புரோகிராம் வேண்டுமே, அதை எழுதவே இல்லையே! சீட்டில் உட்கார்ந்தபடியே காகிதத்தில் எழுதினார். கல்யாண வீட்டு வாசலில் இறங்கிய பிறகு தாலி வாங்க மறந்தது தெரிந்து, ஓடிப்போய் மஞ்சள் கயிறு வாங்குவதில்லையா, அது போல.

ஆல்புகர்க்கியில் பெரிய கம்பெனி, கோட்டு சூட்டு ஆட்கள் என்றெல்லாம் கற்பனை செய்து போனார் ஆலன். ராபர்ட்ஸ் பழைய பிக்கப் வண்டியில் வந்து அழைத்துப் போனார். கம்பெனி இருந்தது ஒரு கடை வரிசையில், மசாஜ் பார்லருக்குப் பக்கத்தில். அன்று ராத்திரி தங்கச் சொன்ன ஓட்டலுக்குக் கட்ட ஆலனிடம் காசு போதவில்லை. சாஃப்ட்வேர் விற்க வந்தவர், வாங்க வேண்டியவரிடமே கைமாற்று வாங்கினார். இந்த ஆலனும் அந்த கேட்ஸும்தான் பிற்பாடு உலகத்தின் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள்.

மறுநாள் நாடா ஏறியது. மெஷின் ‘மெமரி எவ்வளவு?’ என்று கேட்டது. ஆலன் பதில் அடித்தார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டார். ‘4’ என்றது. ஆல்டேரை வாழ்க்கையில் முதல்முறையாகத் தொட்ட நாளில், முதல் தடவையே ஓடிவிட்டது! அங்கே அதிகமாக ஆச்சரியப்பட்டது ஆலனா ராபர்ட்ஸா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இனிமேல்தான் வேடிக்கை. ஹார்வர்ட் மெஷினுக்கான பணம் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கணக்கில் வந்தது. அதில் சொந்த வியாபாரத்துக்கு வேலை பார்த்ததற்கும், வெளியாளான ஆலனை உள்ளே விட்டதற்கும் கேட்ஸ் நிர்வாகத்திடம் பேச்சு வாங்கினார். மறு வருஷம், 1976 பிப்ரவரியில், அதே கேட்ஸ் கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ‘எங்கள் பேசிக்கைக் காசு கொடுக்காமல் காப்பி அடிக்கிறீர்கள், இது திருட்டு’ என்பது சாரம். இதை உருவாக்கச் செலவான கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல் என்றும் கணக்கு காட்டியிருந்தார். யாருடைய கம்ப்யூட்டர் நேரம் என்பதைக் கடிதத்தில் இடமில்லாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஆலனாவது காகித நாடாவோடு போனார். அவருக்கு முன்னால் இதே வேலையை ஊசி நூலோடு செய்த ஒரு கூட்டம் இருந்தது. திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

நிலாவுக்குப் போன அப்பல்லோ கப்பலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மாற்ற முடியாத நினைவகம் 36,864 வார்த்தைகள், மாற்றக்கூடியது 2,048 வார்த்தைகள். உங்கள் போனில் ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ படம் பிடிக்கிற இடம்கூட இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதற்கே புரோகிராம் எழுத வழியில்லை. எம்ஐடியில் ஹியூ பிளேர்-ஸ்மித் என்பவர் யூல் என்றொரு அசெம்பிளர் எழுதினார். அது ஓடியது முதலில் ஐபிஎம் மெஷினில், பிறகு ஹனிவெல்லில். அதன் வாயிலிருந்து வந்த பாஷையோ விண்கலத்தினுடையது. எனக்கு இன்டெல்லும் ஏஆர்எம்மும் என்றால் அவருக்கு பூமியும் நிலாவும்.

அந்தப் புரோகிராமை எப்படி மெஷினுக்குள் வைத்தார்கள்? நெய்தார்கள். உவமை இல்லை சார், நிஜமாகவே நெய்தார்கள். குட்டிக் குட்டி காந்த வளையங்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்து போனால் 1. வெளியே சுற்றிப் போனால் 0. மாசசூசெட்ஸில் வால்தம் ஊரில் ரேதியான் கம்பெனியில் பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நாடா காட்டிய துளையில் ஊசியைக் கொடுத்து வாங்கிக் கோத்தார்கள். அவர்களில் பலர் அந்த வட்டாரத்து ஜவுளி மில்களிலும் வாட்ச் தொழிற்சாலையிலும் கை பழகியவர்கள். நிலாவுக்கு வழி சொன்ன சாஃப்ட்வேரை டெலிவரி செய்தது மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அக்காமார்கள்.

எம்ஐடிப் பையன்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘எல்ஓஎல் மெமரி’. இன்றைய வாட்ஸப் சிரிப்பு இல்லை. ‘லிட்டில் ஓல்டு லேடி’ என்பதன் சுருக்கம். எங்கள் பக்கத்து பாஷையில் அப்பத்தா மெமரி. புரோகிராமில் கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் என்று அந்தப் பையன்கள் வந்தால், நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்ய வாரக்கணக்கு ஆகும். அதனால் திருத்தம் சொல்லும் முன் நூறு முறை யோசித்தார்கள். மெர்ச்சண்டைசர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் ஓவர்லாக் அக்காக்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நிலாவில் மனுஷன் இறங்கிய அதே 1969 கோடையில், நியூஜெர்சியில் பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸன் என்பவரும் விண்கலம் ஓட்டிக்கொண்டிருந்தார். இவருடையது வீடியோ கேம். ‘ஸ்பேஸ் ட்ராவல்’ என்று பெயர். ஆபீசின் பெரிய ஜிஇ மெஷினில் ஒரு ஆட்டம் ஆடினால் கம்ப்யூட்டர் செலவு 75 டாலர். மேனேஜர் பில்லைப் பார்ப்பதற்குள் வேறு வழி தேட வேண்டுமே! மூலையில் அவ்வளவாக யாரும் சீண்டாத ஒரு பிடிபி-7 கிடந்தது.

பிடிபி-7-இல் வேலை செய்ய அதற்குள் ஒன்றுமே இல்லை. ஆகவே ஜிஇ மெஷினில் உட்கார்ந்து பிடிபி-7 பாஷையில் புரோகிராம் தயாரித்து, காகித நாடாவில் அடித்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். எந்த மெஷினின் பில்லுக்குப் பயந்து ஓடினாரோ, அதே மெஷினில்தான் புது மெஷினுக்குச் சமையல்!

அப்புறம் ஒரு நாள் அவர் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரம் கலிஃபோர்னியாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். மனைவி ஊருக்குப் போனால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பாத்திரம் தேய்க்காமல் சிங்க்கில் போடுவோம். தாம்ப்ஸன், வாரத்துக்கு ஒன்று என்று எடிட்டர், அசெம்பிளர், மற்ற அத்தியாவசியங்கள் எல்லாவற்றையும் எழுதி, பிடிபி-7-ஐத் தன் காலில் நிற்க வைத்துவிட்டார். அதற்குப் பெயர் யூனிக்ஸ். உங்கள் ஆண்ட்ராய்டு போன், வைஃபை டப்பா எல்லாவற்றுக்கும் கொள்ளுத்தாத்தா. அந்த அம்மா நாலாவது வாரமும் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பிறகு பிடிபி-11 வாங்க ஆபீசில் காசு கேட்டார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதப் போகிறோம் என்றால் விரட்டிவிடுவார்கள். அதனால் பேட்டன்ட் டிபார்ட்மென்டுக்கு டாக்குமென்ட் டைப் செய்து தருகிறோம் என்று சொன்னார்கள். 1970-இல் மெஷின் வந்தது, டிஸ்க் வரவில்லை. தறி வந்து மோட்டார் வராத கதை. மூன்று மாசம் அந்த மெஷின் 6-க்கு 8 செஸ் பலகையில் குதிரையை எத்தனை விதமாகச் சுற்றி வரலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஐடி வரலாற்றின் முதல் ‘பெஞ்ச்’ ஊழியர் அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

இதுவரை சொன்னது இரண்டு மெஷின் விவகாரம். செய்கிற மெஷின் ஒன்று, ஓடுகிற மெஷின் ஒன்று. மனுஷன் அதோடு நிறுத்துவானா? சென்னை மெஷினில் உட்கார்ந்து, கோயமுத்தூர் மெஷினில் ஓடப்போகும் ஒரு கம்பைலரைச் செய்து, அந்தக் கம்பைலர் மதுரை மெஷினுக்குப் புரோகிராம் செய்கிற மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. இதற்கு ‘கனடியன் கிராஸ்’ என்று பெயர். ஏன் கனடா? கணித மேதை யாராவது அங்கே பிறந்தாரா? இல்லை. இந்த மூன்று மெஷின் குழப்பத்தைப் பேசித் தீர்த்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தன. அவ்வளவுதான் காரணம் என்கிறார்கள். நல்லவேளை, பெயர் வைக்கிற பொறுப்பு தமிழ்நாட்டுக்காரரிடம் போகவில்லை. கூட்டணி முடிவாகிற வரை கம்பைலர் வெளிவந்திருக்காது.

இனி வைஃபை டப்பா. இது முழுக்க முழுக்க ஜாப் ஒர்க் கதை, அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தது.

2003-இல் சிஸ்கோ என்ற பெரிய கம்பெனி, லிங்க்ஸிஸ் என்ற ரவுட்டர் கம்பெனியை 50 கோடி டாலருக்கு விலை பேசியது. லிங்க்ஸிஸின் நீலக்கலர் டப்பா, டபிள்யூஆர்டி54ஜி, ஓகோவென்று விற்றுக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் ஊரெல்லாம் ஒரு கேள்வி: அந்த டப்பாவுக்குள் லினக்ஸ் இருக்கிறதே, லைசென்ஸ்படி சோர்ஸ் கோடைத் தர வேண்டுமே, எங்கே? சிஸ்கோ லிங்க்ஸிஸைப் பார்த்தது. லிங்க்ஸிஸ் அந்த வேலையைத் தைவான் கம்பெனிக்கு விட்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு சிப்பும் அதோடு சாஃப்ட்வேரும் கொடுத்தது பிராட்காம். “பையர் லேபிளத் தெச்சுக் குடுத்தவன் ஒருத்தன், நூல் வாங்கினவன் ஒருத்தன், டையிங் போட்டவன் ஒருத்தன். சாயம் போச்சுன்னா எவனப் புடிப்பீங்க?” என்று அண்ணன் கேட்டார். அமெரிக்காவும் அதையேதான் கேட்டது.

கடைசியில் சோர்ஸ் கோடு வெளியே வந்தது. அதை வைத்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் சாஃப்ட்வேர் பிறந்தது. டப்பாவில் வெறும் 4 எம்பி ஃபிளாஷ். அதற்குள் பொருந்துகிற மாதிரி எல்லாவற்றையும் பெரிய கம்ப்யூட்டரில் கிராஸ் கம்பைல் செய்து, குட்டிக் குட்டிப் பொட்டலமாகக் கட்டி, வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்கிற வசதி. உள்ளே இருந்த பிஸிபாக்ஸ் என்ற சாமான், ப்ரூஸ் பெரன்ஸ் என்பவர் தொண்ணூறுகளில் ஒரே ஃபிளாப்பியில் எல்லாக் கட்டளைகளையும் திணிப்பதற்காக எழுதியது. ஃபிளாப்பிக்குத் தைத்த சட்டை ரவுட்டருக்குப் பொருந்திவிட்டது. தம்பிக்கு அண்ணன் சட்டை.

லிங்க்ஸிஸ் என்ன செய்தது தெரியுமா? அடுத்த மாடலில் ஃபிளாஷையும் மெமரியையும் பாதியாகக் குறைத்து, லினக்ஸைத் தூக்கிவிட்டு வேறொரு சிஸ்டம் போட்டது. வாடிக்கையாளர்கள் புலம்பவே, பழைய டப்பாவையே கடைசியில் ‘எல்’ என்ற எழுத்தைச் சேர்த்து மறுபடி விற்றது. எல் என்றால் லினக்ஸ். விலை கூடுதல். லாட் ஸ்டாக்கை லேபிள் மாற்றி எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று விற்பது திருப்பூர் காதர்பேட்டையின் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் கம்பெனியும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். உள்ளே ஸ்ட்ராங்ஏஆர்எம் சிப், லினக்ஸ். கிராமத்து விவசாயிக்கு என்று அறிவித்ததும் 2001-இல் நியூயார்க் டைம்ஸ் வரை புகழ்ந்தது. 2004-இல் கடைக்கு வந்த அமிடா மாடலைச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோன் வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது ஐயா! சிப்புக்குக் கச்சிதமாகக் கிராஸ் கம்பைல் செய்திருந்தார்கள். விவசாயிக்குத்தான் சேம்பிள் அப்ரூவல் வாங்க மறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய். அந்தக் காசுக்கு அவர் செல்போன் வாங்கிக்கொண்டு, மிச்சத்தில் மாட்டுக்குத் தவிடு வாங்கினார்.

சென்னை ஐஐடியில் காமகோடி குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய் சிப்பையே செய்தார்கள். சக்தி என்று பெயர். அன்னிய சிப்பையே நம்பிக்கொண்டிருப்பதா என்ற ரோஷம். 2018-இல் அந்தக் குடும்பத்தின் ஒரு சிப் லினக்ஸைத் தூக்கி நிறுத்தியது. நல்ல சேதி. அந்தச் சிப்பைப் பிரசவம் பார்த்தது எந்த ஆஸ்பத்திரி? அமெரிக்காவின் ஓரிகனில் இன்டெல் தொழிற்சாலை! அதே வருஷம் இன்னொரு சிப்பை சண்டிகரிலேயே செய்து ரோஷத்தைக் காப்பாற்றினார்கள். சக்திக்குப் புரோகிராம் எழுதும் மாணவர்கள் இன்றைக்கும் எந்த லேப்டாப்பில் உட்கார்ந்து கிராஸ் கம்பைல் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மூடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

செய்கிற இடம் ஒன்று, ஓடுகிற இடம் ஒன்று என்பதற்கு எங்கள் காங்கேயம் காளையே சாட்சி. வளர்வது எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லைத் தின்று. இழுப்பது யாரோ ஒருவர் ஊரில், யாரோ ஒருவர் வண்டியை. கன்றாகப் பிறக்கும்போது செவலை. ஆறு மாசத்தில் சாம்பல் நிறம். பீட்டா வெர்ஷனில் ஒரு கலர், ரிலீஸில் வேறு கலர். பாளையக்கோட்டைப் பட்டக்காரர் பரம்பரை இந்த இனத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததே, அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் எஞ்சினியரிங் பட்டம் கொடுக்கவில்லை.

எழுத்தாளர் சுஜாதாவை விட்டால் வாசகர் கடிதம் வரும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். கதையில் தத்துவம் பேசும் ஜீனோ என்ற ரோபோ நாயைப் படைத்த மனுஷன், ஆபீசில் ஒன்றைக் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு பெட்டியைச் செய்தார். அதுதான் அந்தப் பெட்டியின் பெருமை. வெளியே வேறொரு கம்ப்யூட்டரில் தயாரான புரோகிராமை சிப்புக்குள் ஒரு முறை பதித்தால் பதித்ததுதான். பிரித்துத் தைக்க முடியாது. நாயாக இருந்திருந்தால் யாருக்கு ஓட்டு என்று கருத்து சொல்லியிருக்கும்.

1982-இல் கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 சாவடிகளில் முதல் தடவையாக மெஷினை வைத்தார்கள். மெஷின் ஒழுங்காக எண்ணியது. 123 ஓட்டில் ஒருவர் ஜெயித்தார். தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் ‘மெஷின்’ என்ற வார்த்தையே இல்லையே என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கண்டுபிடித்தது. அந்த 50 சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுபடி ஓட்டு. இந்த முறை ஜெயித்தவர் மற்றவர். ஹார்ட்வேர் ரெடி, சாஃப்ட்வேர் ரெடி, சட்டத்தைக் கம்பைல் பண்ண மறந்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு யூனிட்டுக்கு 16 பேர், நான்கு யூனிட் கோத்தால் 64 பேர். அந்தக் காலத்து உச்சவரம்பு அதுதான். எந்தத் தொகுதியில் 64 பேருக்கு மேல் நிற்கப் போகிறார்கள் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாவம், கொங்கு நாட்டைக் கேட்காமல் அளவெடுத்துவிட்டார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் நின்றவர்கள் 1,033 பேர்! விவசாயிகளின் கோபம். டெபாசிட் அப்போது 250 ரூபாய், கோபத்துக்கு அது மலிவான விலை. தேர்தலையே ஒரு மாசம் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. புத்தகத்தில் தங்கள் பெயரை அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். மொடக்குறிச்சிக்கு மெஷின் வைத்திருந்தால் ஒரு சாவடிக்கு 65 யூனிட் வேண்டும். ஒரு பள்ளிக்கூட வராந்தா முழுக்க நீட்டி வைக்கலாம். ஓட்டுப்போடப் போகிறவர் டிபன் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதே வருஷம் பொதுப்பிரிவு வேட்பாளருக்கான டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். மெஷினின் அளவுக்கு மனுஷனைச் சுருக்குவது சாஃப்ட்வேர் எழுதுவதைவிடச் சுலபம் என்று யாரோ உணர்ந்திருக்கிறார்கள்.

என் டப்பா என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஏஆர்எம்முக்கான கிராஸ் கம்பைலரை வரவழைத்தேன். அதற்கு ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி என்று கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் வேனில் வருகிற மாதிரி வந்தார்கள். ராத்திரி முழுக்க லேப்டாப் ஃபேன் தறி மாதிரி இரைந்தது. காலையில் ஃபைலை டப்பாவில் ஏற்றினேன். ஓடியது! அழுகையே வந்தது. சாயங்காலம் ஓனர் போன் செய்தார். ஒவ்வொரு ரோலிலும் ஒரு சுற்று குறைவாக எண்ணுகிறதாம். பூஜ்யத்தில் ஆரம்பிப்பதா ஒன்றில் ஆரம்பிப்பதா என்ற ஆதிகாலத் தப்பு. அண்ணன் தோளில் தட்டி, “மொதோ சேம்பிள்ள யாருக்குங் தம்பி சரியா வந்திருக்குது?” என்றார்.

அந்தக் கேள்விக்கும் தேடிப் பார்த்தேன். மொதோ சேம்பிள் 1843-இல் வந்தது. லண்டனில் சார்ல்ஸ் பாபேஜ் என்று ஒரு மேதை. வீட்டு வாசலில் பெட்டி வாசித்துப் பிழைக்கிறவர்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை. இவரைக் கடுப்பேற்றவே பக்கத்துவீட்டுக்காரர்கள் பேண்டு செட் அமர்த்தினார்கள். கணக்குப் போடும் மெஷின் கட்டித் தருகிறேன் என்று அரசாங்கத்திடம் 17,000 பவுண்டுக்கு மேல் வாங்கி, பாதியில் நிறுத்தி, ‘இதைவிடப் பெரிய ஐடியா இருக்கிறது’ என்று போய் நின்றார். காசு கொடுத்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? ஷிப்மென்ட் போக வேண்டிய நாளில், ‘பனியன் வேண்டாம், கோட்டு தைக்கலாமா?’ என்று கேட்ட மாதிரி.

அந்தப் பெரிய ஐடியாவுக்குப் பெயர் அனலிட்டிகல் எஞ்சின். அட்டையில் ஓட்டை போட்டுக் கட்டளை தருவது என்ற யோசனையை அவர் எடுத்தது ஜாக்கார்டு தறியிலிருந்து. அந்தத் தறியைக் கண்டுபிடித்த ஜாக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டைகளால் பட்டில் நெய்த ஒரு படத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். மெஷினை மட்டும் காட்ட முடியவில்லை. கட்டவே இல்லையே.

கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. இல்லாத மெஷினுக்கு, பெர்னூலி எண்களைக் கணக்கிட, கட்டளை கட்டளையாகக் காகிதத்தில் ஒரு அட்டவணை போட்டார். உலகத்தின் முதல் புரோகிராம் என்று பலர் கொண்டாடுவது அதைத்தான். ஆல்டேரைப் பார்க்காமல் எழுதிய கேட்ஸும் ஆலனும் இந்த அம்மாவிடம் டியூஷன் படிக்க வேண்டும். அட்டவணையின் நான்காவது கட்டளையில் எதை எதால் வகுப்பது என்பது தலைகீழாக இருக்கிறது. கையில் மெஷின் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பாபேஜின் இன்னொரு மெஷினை, டிஃபரன்ஸ் எஞ்சின் 2-ஐ, லண்டன் சயின்ஸ் மியூசியம் 1991-இல் கட்டி ஓட்டியும் காட்டிவிட்டது. அனலிட்டிகல் எஞ்சினை இன்றைய தேதி வரை யாரும் முழுசாகக் கட்டவில்லை. ஏடாவின் தப்பைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். மெஷின்தான் இன்னும் வரவில்லை.